மானாவாரிக் கொள்ளுக்கு இயற்கை உரம்: எது எடுபட்டது, எது வீண்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துச் செம்மண் காடுகளில் சாமை அறுத்த கையோடு, புரட்டாசி ஐப்பசி ஈரத்தில் கொள்ளு விதைப்பார்கள். “கொள்ளுக்கு எதுக்கு உரம்?” என்ற பேச்சு எப்போதும் உண்டு. தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) அது பெரும்பாலும் பொருந்தும். மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) பொருந்தாது. பல பருவம் இயற்கை இடுபொருள் மட்டுமே போட்டு வந்த காடுகளில் காய்ப்பில் வித்தியாசம் காட்டியது மணிச்சத்துதான்.

அதற்குக் கைகொடுத்தது ஊட்டமேற்றிய தொழுஉரம். ஏக்கருக்கு நன்கு மக்கிச் சலித்த எரு 300 கிலோ, ராக் பாஸ்பேட் (மணிச்சத்துள்ள பாறைத் தூள்) 50 கிலோ, பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் நுண்ணுயிர் உரம்) 1 கிலோ. மூன்றையும் நிழலில் கலந்து தண்ணீர் தெளிக்க வேண்டும். பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்கணும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. ஈரச் சாக்குப் போட்டு மூடி 30 நாள் வைத்து, நடுவில் ஒருமுறை கிளறிவிட்டால் போதும். இது கெடுவது பெரும்பாலும் காய்ந்துபோய்த்தான். மேல்பகுதி புழுதியாகிவிட்டால் நுண்ணுயிர் செத்து, பாஸ்பேட் போட்டபடியே கிடக்கும். அடுப்புச் சாம்பலை இந்தக் குவியலில் கொட்ட வேண்டாம். காரம் ஏறித் தழைச்சத்து அமோனியாவாகப் பறக்கும். கிட்டே போனாலே மூக்கில் ஏறும். சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இந்த முறைக்குச் செலவழிப்பது வீண், அங்கே ராக் பாஸ்பேட் கரையாது. கடைசி உழவில் தூவி உடனே மண்ணால் மூடிவிடுங்கள்.

மக்காத எருவைக் கொட்டினால் கரையானும் பார்த்தீனிய விதையும் கூடவே வரும்.

வேர்முடிச்சில் தங்கிக் காற்றிலிருந்து தழைச்சத்து சேர்க்கும் பாக்டீரியா ரைசோபியம். அது மலிவு, ஆனால் நுணுக்கம் கேட்கும். ஏக்கருக்கான 8 கிலோ விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று. ஆறிய அரிசிக் கஞ்சியை விதையில் ஒட்டும் அளவுக்கு மட்டும் விடுங்கள். கூடினால் தோல் ஊறி உரியும். நிழலில் அரைமணி உலர்த்தி அன்றைக்கே விதைக்க வேண்டும். காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தால், சூட்டில் பாக்டீரியா தங்காது. பிடித்ததா என்று பார்க்க, 30 நாள் வாக்கில் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்துத் தண்ணீரில் அலசுங்கள். கையால் பிடுங்கினால் வேர்முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கணும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது தழைச்சத்து சேர்க்கவில்லை.

ஆட்டுக்கிடை (ராத்திரியில் ஆட்டு மந்தையைக் காட்டில் அடைத்து வைப்பது) நல்ல உரம்தான், கொள்ளுக்கு நேரடியாக வேண்டாம். கிடை போட்ட இடத்தில் கொடி முழங்கால் உயரம் தழைத்து, காய் தேடித்தான் பார்க்கணும். சாம்பல் நோயும் அங்கேதான் முதலில் தலைகாட்டும். தழைச்சத்து கூடினால் வேர்முடிச்சும் சரியாகக் கட்டாது. கோடையில் சாமைக்குக் கிடை போட்டு, மிச்சத்தைக் கொள்ளு எடுத்துக்கொள்ள விடுவதே லாபம்.

பஞ்சகவ்யம் 3 சதம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி, பூக்கும் தருணத்தில் சாயங்காலம் தெளிக்கலாம். துணியில் இருமுறை வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். மண்ணில் ஈரம் இருந்தால் கொஞ்சம் பலன் தெரியும். காலையிலேயே இலை வாடி நிற்கிற காட்டில் அடிப்பது கூலிக்குக் கேடு.