மெயில் ஐடி யாருடையது? இலவச மெயிலும் சொந்த டொமைனும்

ஈரோட்டில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். விசிட்டிங் கார்டு, பில் புக், கல்யாணப் பத்திரிகை என்று வேலை ஓடும். பழைய வாடிக்கையாளர்கள் கார்டை மறுபடி அடிக்கக் கொண்டுவரும்போது மாற்றச் சொல்வது பெரும்பாலும் ஒரே வரியைத்தான், மெயில் ஐடி. போன் நம்பர் பதினைந்து வருடமாக அப்படியே இருக்கும். சிம் கம்பெனியை மூன்று தடவை மாற்றியவரும் அதே நம்பரைத்தான் வைத்திருப்பார். மெயில் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிது.

எங்கள் அலமாரியில் இருக்கும் பழைய மாதிரிக் கார்டுகளில் விஎஸ்என்எல் முகவரிகள் நிறைய உண்டு. 1995 ஆகஸ்ட் 15-இல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது அந்த நிறுவனம்தான். 2002-இல் டாடா கைக்குப் போனது, 2008-இல் பெயரும் மாறியது. அந்தக் காலத்தில் விஎஸ்என்எல் ஐடி என்றால் ஒரு மரியாதை. இன்று அந்தக் கார்டைப் பார்த்து யாரும் மெயில் அனுப்ப மாட்டார்கள்.

2022 வரை எங்கள் அச்சகத்துக்கும் இலவச மெயில்தான். 2016-இல் அக்கா மகன் திறந்து கொடுத்தது. கணக்கை மீட்க ஒரு போன் நம்பர் கேட்டபோது, அன்று டேபிளில் இருந்த ஊழியரின் நம்பரைப் போட்டோம். அவர் வேலையை விட்டுப் போனார், அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதையும் விட்டுவிட்டார். அணைக்கப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் இங்கே விதி. அந்த நம்பரும் அப்படி யாரிடமோ போய்விட்டது. கடைக் கம்ப்யூட்டரை மாற்றிய அன்று கணக்கு பூட்டிக்கொண்டது. ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போனது. படிவத்தை நிரப்பினோம், காத்திருந்தோம், மறுபடி நிரப்பினோம். பேசுவதற்கு ஓர் ஆள் கிடைக்கவே இல்லை. ஆறு வருட ஆர்டர், டிசைன் ஃபைல், கணக்குக் கடிதம் எல்லாம் போனது.

தவறில் பாதி எங்களுடையது, அதை மறைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு இது ஒரு கொள்கை விஷயமாகிவிட்டது. வருமான வரி, வங்கி, ஜிஎஸ்டி, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாமே மெயில் ஐடியைக் கேட்டு வாங்குகின்றன. பாஸ்வேர்டு மறந்தால் அந்த ஐடிக்குத்தான் வழி அனுப்புகின்றன. அத்தனை பூட்டுக்கும் சாவி அது. அதன் மேல் நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இப்போது சொந்த டொமைனுக்கு, அதாவது @ குறிக்குப் பின்னால் எங்கள் கடைப் பெயரே வரும் முகவரிக்கு, மாறி மூன்று வருடம் ஆகிறது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

முதலில் எல்லோரும் சொல்வதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இலவச மெயிலுக்குச் செலவில்லை, ஐந்து நிமிடத்தில் திறக்கலாம், தேடல் பிரமாதம். ஸ்பேம் வடிகட்டுவதில் ஜிமெயிலுக்கு இணையாக நான் எதையும் பார்க்கவில்லை. 15 ஜிபி இடம் தருகிறார்கள், ஆனால் டிரைவும் போட்டோக்களும் அதே 15 ஜிபிக்குள்தான். இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கவும் தொடங்கினார்கள். சொந்த டொமைனுக்குப் பணம் வேண்டும். டொமைனுக்கும் மூன்று மெயில் பெட்டிக்கும் சேர்த்து எங்களுக்கு வருடம் 3,500 ரூபாய்க்குள் முடிகிறது. கார்டில் கடைப் பெயரோடு மெயில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும், அதெல்லாம் உண்மைதான்.

இலவச மெயில் என்றால் நம் கடிதத்தைப் படித்து விளம்பரம் காட்டுவார்கள் என்று சிலர் பயமுறுத்துவதை மட்டும் நான் ஒரு காரணமாகச் சொல்ல மாட்டேன். விளம்பரத்துக்காக மெயிலுக்குள் பார்ப்பதை கூகுள் 2017-இலேயே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. நான் மாறியதற்குக் காரணம் வேறு.

நம்பர் மாற்றாமல் சிம் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரி 20-இல் நாடு முழுக்க வந்தது. அப்போது ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டும்தான் முடியும். 2015 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டு நம்பரை டெல்லிக்கும் கொண்டுபோகலாம் என்றானது. கம்பெனிகள் மனம் இரங்கிக் கொடுத்ததில்லை இது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி போட்டு வாங்கிக் கொடுத்தது. சேவை பிடிக்கவில்லையா, நம்பரோடு கிளம்பலாம். அதன் பிறகுதான் வாடிக்கையாளரைத் தக்கவைக்க வேண்டும் என்ற பயமே அவர்களுக்கு வந்தது.

மெயிலுக்கு அப்படி ஒன்று இல்லை. விதி போட்டாலும் நம்பரைப் போல எளிதாகச் செய்ய முடியாது. @ குறிக்குப் பின்னால் இருப்பது அந்த நிறுவனத்தின் டொமைன், அதாவது அவர்களுடைய கதவு எண். அந்த வீட்டில் நமக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். அறையைக் காலி செய்தால் கதவு எண்ணை நாம் தூக்கிக்கொண்டு போக முடியாது.

கடிதங்களைத்தான் எடுத்துக்கொண்டு போகலாமே என்று கேட்பார்கள். போகலாம். மொத்தத்தையும் இறக்கிக்கொள்ள கூகுளே 2013-லிருந்து ஒரு வசதி வைத்திருக்கிறது. தன் தரவை எடுத்துச் செல்லும் உரிமை ஐரோப்பாவில் 2018-லிருந்து சட்டமாகவே இருக்கிறது. இங்கே 2019 மசோதாவில் அந்த உரிமை இருந்தது, 2023-இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அந்த உரிமை இருந்திருந்தாலும் நமக்குக் கிடைத்திருப்பது பழைய கடிதங்கள்தான். நாளைக்கு வங்கி அனுப்பப்போகும் கடிதம் பழைய முகவரிக்குத்தான் போகும்.

டொமைன் நம் பெயரில் இருந்தால் நிலைமை தலைகீழ். அதில் எம்எக்ஸ் என்று ஒரு பதிவு உண்டு. இந்த டொமைனுக்கு வரும் கடிதத்தையெல்லாம் இன்ன சர்வரில் கொண்டுபோய்ப் போடு என்று ஊருக்கெல்லாம் சொல்லும் வரி அது. அந்த வரியை எழுதும் உரிமை நம் கையில். மெயில் நடத்துகிறவரைப் பிடிக்கவில்லை என்றால் வரியை மாற்றினால் போதும்.

இதை நான் செய்தே பார்த்திருக்கிறேன். முதலில் வெப்சைட் இடத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மலிவான மெயிலைத்தான் எடுத்தோம். ஒரே சர்வரில் பலருடைய மெயிலும் இருக்கும். யாரோ ஒருவர் ஸ்பேம் அனுப்பினால் எல்லோருடைய கடிதமும் சந்தேகத்துக்கு ஆளாகும். எங்கள் கொட்டேஷன் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டியில் கிடந்தது, இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போனது. அப்புறம் தனியாக மெயிலுக்கென்றே கட்டணம் வாங்கும் ஒரு சேவைக்கு மாறினோம். சனிக்கிழமை மிஷினை நிறுத்திய பிறகு உட்கார்ந்து எம்எக்ஸை மாற்றினோம். கூடவே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று பதிவுகள். இந்தக் கடிதம் உண்மையிலேயே இந்த டொமைன்காரர் அனுப்பியதுதான் என்று சான்று சொல்பவை அவை. பழைய கடிதங்கள் நகர இரண்டு இரவு பிடித்தது. திங்கட்கிழமை காலை வழக்கம்போல மெயில் வந்துகொண்டிருந்தது. கார்டு மாற்றவில்லை, போர்டு மாற்றவில்லை, வங்கிக்குப் போகவில்லை. வாடிக்கையாளர் ஒருவருக்குக்கூட விஷயம் தெரியாது.

2022-இல் பட்ட பாட்டை இதோடு வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். அன்று ஐடி மாறியதைப் பதிவு செய்ய நான்கு மாதம் அலைந்தேன். ஒரு வங்கியில் புது மெயிலைச் சேர்க்க பழைய மெயிலுக்கு ஓடிபி அனுப்பினார்கள். பழையது இல்லாததால்தானே வந்திருக்கிறேன் என்று விளக்கி, கடிதம் எழுதிக் கொடுத்து, இரண்டு தடவை கிளைக்குப் போக வேண்டியிருந்தது. எங்கெல்லாம் அந்த ஐடியைக் கொடுத்திருந்தோம் என்ற பட்டியலே என்னிடம் இல்லை. இன்றும் விட்டுப்போனது ஒன்றிரண்டு இருக்கும்.

2025-இல் மத்திய அரசின் மெயிலே இப்படித்தான் மாறியது. சுமார் 12 லட்சம் ஊழியர்களின் பெட்டிகள் நம்மூர் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் தளத்துக்குப் போனதாகச் செய்தி வந்தது. அதிகாரிகளின் முகவரி அதே அரசு டொமைனில்தான் தொடர்ந்தது. ஜோஹோ நல்லதா, அரசு மெயிலைத் தனியாரிடம் கொடுக்கலாமா என்றுதான் எல்லோரும் விவாதித்தார்கள். அது தேவையான விவாதம்தான். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. பின்னால் இருக்கும் இயந்திரத்தையே மாற்றியும் முகவரி மாறவில்லை, டொமைன் அரசிடம் இருந்ததால். அரசுக்குக் கிடைக்கும் அந்த வசதி ஒரு மளிகைக்கடைக்காரருக்கும் கிடைக்கும், வருடம் ஆயிரம் ரூபாயை ஒட்டிய செலவில்.

சொந்த டொமைன் என்றால் கூகுளை விட்டு வெளியே வர வேண்டும் என்றில்லை. அவர்களுடைய கட்டணச் சேவையிலேயே உங்கள் டொமைனை வைத்துக்கொள்ளலாம், ஸ்பேம் வடிகட்டலும் அதேதான் கிடைக்கும். பிடிக்காத அன்று கிளம்பலாம் என்பதுதான் கூடுதல். டொமைனுக்கு வருவதை இலவசப் பெட்டிக்குத் திருப்பிவிடுவது இன்னொரு வழி. செலவு குறைவு, ஆனால் அப்படித் திருப்பிய கடிதங்களில் சில ஸ்பேமில் விழுவதைப் பார்த்ததால் கடைக்கு அதை நம்பவில்லை. வீட்டு உபயோகத்துக்குப் போதும்.

மூன்றாவதாக, மெயில் சர்வரையே நாமே நடத்துவது. அக்கா மகன் ஆசைப்பட்டு ஒன்றை நிறுவினான். இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தோம், அவ்வளவுதான் என் அனுபவம், அதற்கு மேல் பேச எனக்குத் தகுதியில்லை. பார்த்தவரை, கடிதம் வாங்குவது சுலபம், அனுப்புவதுதான் கஷ்டம். மெயில் வெளியே போகும் வாசலான 25-ஆம் போர்ட்டை, சர்வரை வாடகைக்கு விடும் பல கிளவுட் நிறுவனங்கள் முதலிலேயே அடைத்து வைத்திருக்கின்றன. வாடகைக்கு எடுத்த ஐபி முகவரியை முன்பு யாரோ ஸ்பேமுக்குப் பயன்படுத்தியிருந்தால் அந்தக் கெட்ட பெயர் நம் தலையில் விழும். தெரிந்தவர்கள் நன்றாக நடத்துகிறார்கள். மிஷினை விட்டு எழ முடியாத அச்சகக்காரருக்கு அது ஆகாது.

தமிழில் டொமைன் எடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. .இந்தியா என்றே தமிழில் டொமைன் இருக்கிறது, வெப்சைட்டுக்கு எடுங்கள், எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். தமிழ் போன்ற எழுத்துகளில் உள்ள முகவரிகளுக்கு ஜிமெயில் 2014-இலேயே வழிவிட்டது. ஆனால் நான் முயன்ற படிவங்கள் பலவும் தமிழ் எழுத்தைக் கண்டதும் தவறான முகவரி என்று திருப்பிவிட்டன. நம் மொழியில் முகவரி வைக்கும் உரிமை பெயரளவில் கிடைத்துவிட்டது, அரசுப் படிவங்களாவது அதை முதலில் ஏற்க வேண்டும். அதுவரை மெயிலுக்கு ஆங்கில எழுத்து டொமைன்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

சொந்த டொமைனில் எனக்குப் பயம் தருவது ஒன்று உண்டு, ரினியூவல். இலவச மெயிலை மறந்தால் கணக்குதான் போகும். டொமைனை மறந்தால் அது வேறொருவர் கைக்குப் போகலாம். பிறகு உங்கள் வங்கியின் கடிதம், பாஸ்வேர்டு மாற்றும் வழி எல்லாம் அவர் பெட்டிக்கு வரும். உடனே போய்விடாது. .காம் போன்றவற்றில் நீக்கிய பின்னும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அப்போது அபராதம் பெரிதாக இருக்கும். டொமைன் வாங்கிய கணக்கின் பாஸ்வேர்டுதான் இனி எல்லாவற்றுக்கும் மூலச்சாவி. அதற்கு, பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்பது போன்ற இரட்டைப் பூட்டு போட வேண்டும். அந்தக் கணக்கின் தொடர்பு மெயிலாக அதே டொமைனின் முகவரியைக் கொடுக்கவே கூடாது. டொமைன் நின்றால் எச்சரிக்கைக் கடிதமும் வராது. நான் அதற்கு மட்டும் ஓர் இலவச மெயிலை வைத்திருக்கிறேன்.

நமக்குப் பின்னால் யார் பணம் கட்டுவது என்ற கேள்வியும் உண்டு. இலவச மெயில் இந்த ஒன்றில் மேல். கூகுளில், இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்குத் தெரிவி என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். டொமைனுக்கு அப்படி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. எனவே வேறு விதமாகச் செய்திருக்கிறேன். டொமைனை ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருடத்துக்குப் பதிவு செய்யலாம், அப்படியே கட்டிவிட்டேன். கணக்கு விவரத்தை ஒரு தாளில் எழுதி, கடைப் பத்திரத்தோடு பீரோவில் வைத்து, மகளிடம் காட்டியிருக்கிறேன். முடிவு தேதியை அச்சகத்தின் தினசரி காலண்டரில் ஒவ்வொரு வருடமும் நானே குறித்து வைக்கிறேன்.