டம்பிள்வீட்டுக்கு லாடக் களைக்கொத்தி: எந்தப் பருவம் வரை வெட்டும்?

டம்பிள்வீட் என்பது காய்ந்ததும் அடியில் ஒடிந்து, காற்றில் உருண்டு விதை சிதறும் களைச்செடி. 1870களில் ரஷ்ய ஆளி விதையோடு கலந்து அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் இறங்கியது. அமெரிக்க மேற்கு மாநிலங்களில் சாலையோரம், தரிசு, கிளறிப்போட்ட மண் என்று பார்த்து முளைக்கும்; புல் அடர்ந்த இடத்தில் அவ்வளவாகத் தலை தூக்காது.

லாட வடிவக் கத்தி முன்னும் பின்னும் ஆடும் இந்தக் களைக்கொத்தி இளஞ்செடிக்கு அருமை. நாற்று பைன் ஊசிபோல மெலிந்து, அரைச் சாண் உயரத்துக்குள் இருக்கும்போது மண்ணுக்கு 2 சென்டிமீட்டர் கீழே கத்தியை இழுத்தால் வேர் அறுந்து பிரியும். மேலாக நறுக்கினால் போச்சு, தரையோடு படர்ந்து மறுபடி கிளைக்கும். ஈர மண் கத்தியில் அப்பிக்கொள்ளும், காய்ந்த பின் இறங்குங்கள். மழுங்கிய கத்தி தண்டை வெட்டாது, மடக்கித்தான் விடும். அரம் கையில் இருக்கட்டும்.

தண்டு தடித்து, இலைநுனி முள்ளாகிவிட்டால் இதை நம்ப வேண்டாம். கத்தி மாட்டிய போல்ட்தான் தளரும். அப்போது தோல் கையுறையும் மண்வெட்டியும்தான். விதை பிடித்த செடியை வெட்டி அப்படியே போடுவது, காற்றின் வேலையை நாமே முடித்துக் கொடுப்பது மாதிரி. பெரிய செடி ஒன்றிலேயே 2 லட்சத்துக்கு மேல் விதை இருக்கலாம். ஒரே ஆறுதல், பெரும்பாலான விதை மண்ணில் ஓரிரு ஆண்டுக்கு மேல் தாங்காது.