மோதினால் யார் பொறுப்பு?

பெங்களூரு அல்சூரில் தம்பி வாங்கிய கார், தானே ஓடும் திறனில் இரண்டாம் நிலை. தானே பிரேக் போடும், லேனுக்குள் நிற்கும்; பொறுப்பு மட்டும் ஓட்டுபவனுடையது. சில்க் போர்டு அருகே மாடு குறுக்கே வந்தபோது கார் தயங்கியது, அவன்தான் மிதித்தான்.

மூன்றாம் நிலை வேறு. 2021 டிசம்பரில் ஜெர்மனி அனுமதித்த மெர்சிடிஸ் காரின் டிரைவ் பைலட் அமைப்பு, அப்போது நெடுஞ்சாலை நெரிசலில் மணிக்கு 60 கி.மீ. வேகம் வரை தானே ஓட்டியது. ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கலாம். கார் கூப்பிட்டால் உடனே ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும்.

எனக்குப் பயம் இரண்டாம் நிலையில்தான். வேலையை எந்திரத்துக்கும் பழியை மனிதனுக்கும் தருகிறது. 2018இல் அரிசோனாவில் ஊபரின் தானே ஓடும் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிச் சென்ற பெண்ணைக் கொன்றது. 2023இல் தண்டனை, காரைக் கண்காணிக்க உள்ளே அமர்ந்திருந்த ஊழியருக்கு. நிறுவனத்தின் மீது குற்ற வழக்கே இல்லை.