அப்டேட்டட்_அட் வேலையை டிரிக்கரிடம் விட்டு நான்கு வருடம்

ஆறு வருடமாக ஒரே அப்ளிகேஷனைப் பராமரிக்கிறேன், ஜாங்கோவும் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) போஸ்ட்கிரெஸும் (டேட்டாபேஸ்). முதல் இரண்டு வருடம் ரெக்கார்டு உருவான நேரத்தை வைக்கும் கிரியேட்டட்_அட், கடைசியாக மாறிய நேரத்தை வைக்கும் அப்டேட்டட்_அட் இரண்டையும் ஜாங்கோவின் ஆட்டோ_நவ்_ஆட், ஆட்டோ_நவ் என்ற செட்டிங்குகள்தான் பார்த்துக்கொண்டன. டேபிளை விவரிக்கும் மாடலில் ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது, அதனால் யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோளாறு தெரியவந்தது ரிப்போர்ட்டில். கடைசியாக ஓடியதற்குப் பிறகு மாறிய ரெக்கார்டுகளை மட்டும் எடுத்துப்போகும் ஜாப் ஒன்று இருக்கிறது. அதில் பல ஆர்டர்களின் ஸ்டேட்டஸ் வாரக்கணக்கில் பழையதாகவே நின்றது. தேடினால், இரவில் ஓடும் இன்னொரு ஸ்கிரிப்ட் குவெரிசெட்டின் (பல ரெக்கார்டுகளைச் சேர்த்துக் கையாளும் ஜாங்கோ வசதி) அப்டேட் வழியாக மொத்தமாக ஸ்டேட்டஸை மாற்றியிருக்கிறது. ஆட்டோ_நவ் வேலை செய்வது ஒவ்வொரு ரெக்கார்டாகச் சேமிக்கும் சேவ் ஓடும்போது மட்டும்தான், அப்டேட்டும் பல்க்_அப்டேட்டும் சேவைத் தொடுவதே இல்லை. சேவ் செய்தாலும், எந்த ஃபீல்டுகளை மட்டும் சேமிக்க வேண்டும் என்று அப்டேட்_ஃபீல்ட்ஸ் கொடுத்து அதில் அந்த ஃபீல்டைச் சேர்க்க மறந்தால் பழைய நேரம்தான் இருக்கும். ரூபி மொழி ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸின் அப்டேட்_ஆலிலும் இதே பள்ளம் உண்டு.

சரி என்று டேட்டாபேஸிலேயே வைத்துவிட்டேன். கிரியேட்டட்_அட்டுக்கு டிஃபால்ட்டாக நவ் (தற்போதைய நேரம் தரும் ஃபங்ஷன்) போதும். அப்டேட்டட்_அட்டுக்கு போஸ்ட்கிரெஸில் பிஃபோர் அப்டேட் டிரிக்கர், அதாவது ரெக்கார்டு மாறும் முன் டேட்டாபேஸ் தானாக ஓட்டும் சிறு நிரல், எழுதியே ஆக வேண்டும் (இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லில் ஆன் அப்டேட் கரண்ட்_டைம்ஸ்டாம்ப் என்று டேபிளிலேயே எழுதிவிடலாம், ஆனால் அங்கே டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19-க்கு மேல் தாங்காது, டேட்டைம் எடுங்கள்). இப்போது யார் எந்தக் கன்சோலிலிருந்து மாற்றினாலும் நேரம் பதிவாகிறது, அந்த நிம்மதி பெரியது.

ஆனால் டிரிக்கருக்கு நல்ல மாற்றம் எது, வெறும் பராமரிப்பு வேலை எது என்று தெரியாது. புதிய ஃபீல்டு ஒன்றைச் சேர்த்து எல்லா ரெக்கார்டிலும் மதிப்பு நிரப்பினேன், மொத்த டேபிளுக்கும் ஒரே நேரம் விழுந்துவிட்டது, பழைய நேரங்களை பேக்கப்பிலிருந்துதான் மீட்டேன். இப்போதெல்லாம் அப்படி நிரப்பும் முன் டிரிக்கரை நிறுத்துகிறேன். மதிப்பு உண்மையில் மாறியிருந்தால் மட்டும் ஓடும்படி வென் நிபந்தனையும் போட்டிருக்கிறேன்.

என்னை அதிகம் படுத்தியது வேறு. போஸ்ட்கிரெஸின் நவ் தருவது டிரான்சாக்‌ஷன் (ஒரே தொகுப்பாகச் சேமிக்கப்படும் மாற்றங்கள்) தொடங்கிய நேரம். இருபது நிமிடம் ஓடும் டிரான்சாக்‌ஷன் பத்து மணிக்குத் தொடங்கினால், கமிட் ஆவது, அதாவது மாற்றம் மற்றவர்களுக்குத் தெரிவது, பத்து இருபதுக்கு, ரெக்கார்டில் இருப்பதோ பத்து மணி. நடுவில் பத்தேகாலுக்கு ஓடிய அந்த ரிப்போர்ட் ஜாப் அதைப் பார்த்திருக்காது, அடுத்த முறை பத்தேகாலுக்குப் பிந்தையதை மட்டும் கேட்பதால் எப்போதுமே பார்க்காது. அந்தக் கணத்தின் நேரத்தைத் தரும் கிளாக்_டைம்ஸ்டாம்ப் போட்டாலும் இடைவெளி குறையுமே தவிர, கமிட் அதற்கும் பிறகுதான். கடைசியில் ஜாப்பை ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் பின்னால் போய்ப் படிக்க வைத்தேன். ஒரே ரெக்கார்டு இரண்டு தடவை வந்தால் அப்சர்ட் (இருந்தால் மாற்று, இல்லையென்றால் சேர்) பார்த்துக்கொள்ளும். அதற்கப்புறம் ஒரு ஆர்டரும் விடுபடவில்லை.