ஃப்ளூ காய்ச்சலுக்குக் காளான் குப்பி: எங்கள் வீட்டில் நடந்தது

மழைக்காலம் தொடங்கி ஃப்ளூ காய்ச்சல் பரவும் நாட்களில், ரெய்ஷி, கார்டிசெப்ஸ் முதலிய மருத்துவக் காளான்களின் பொடியைக் குப்பிகளில் (கேப்சூல்களில்) அடைத்து, இதைச் சாப்பிட்டால் காய்ச்சல் அண்டாது என்று வீடு தேடி வந்து விற்பவர்களைப் பற்றி எச்சரிக்கவே இதை எழுதுகிறேன். எழுபது வயதைக் கடந்த, நீரிழிவு நோயுள்ள என் மாமனார் இவர்களில் ஒருவரை நம்பி உயிர் பிழைத்ததே பெரிது என்ற நிலைக்குப் போய் வந்திருக்கிறார்.

விற்றவர் ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தின் முகவர். மாமனாருடன் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மாதத்துக்கு ₹3,000-க்கு மேல் விலையுள்ள குப்பிகளைக் கொடுத்ததோடு நில்லாமல், "இதைச் சாப்பிடுகிறவர்களுக்குத் தடுப்பூசி எதற்கு சார்?" என்று கேட்டு, மாமனார் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளும் ஃப்ளூ தடுப்பூசியையும் நிறுத்தவைத்தார். மாமனார் என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறார் என்று முகவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுத்துக்கொள்பவருக்கு, இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கும் ரெய்ஷியைக் கொடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டாமா?

காய்ச்சல் வந்தபோது நாங்கள் வெளியூரில் இருந்தோம். மாமனார் முகவரைத்தான் அழைத்திருக்கிறார். குப்பிகளை இரட்டிப்பாக்கச் சொன்னவர், உடல்வலியும் ஏறும் காய்ச்சலும் நச்சு வெளியேறுவதன் அடையாளம் என்றும், இப்போது இங்கிலீஷ் மருந்து சாப்பிட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்றும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே அனுப்பியிருக்கிறார். மூச்சுத்திணறல் வந்த பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃபுளுவென்சா ஏ வைரஸ் உறுதியானது, நிமோனியாவும் சேர்ந்திருந்தது. ஃப்ளூவுக்குரிய ஆசெல்டமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் தரும். முதியவர்களுக்கும் நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த நேரம் மிக முக்கியம். பணம் போனதைவிட, அந்த நேரத்தை எங்களிடமிருந்து பறித்ததுதான் எனக்கு ஆறவில்லை.

காளான்களை நான் குறை சொல்லவில்லை. அவற்றிலுள்ள பீட்டா குளூக்கான் என்னும் பல்சர்க்கரை நம் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டக்கூடியது. காளான் சாறு கொடுக்கப்பட்ட எலிகளில் இன்ஃபுளுவென்சா வைரஸின் பெருக்கம் குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஷிடாகே காளானிலிருந்து பிரித்தெடுத்த லென்டினான் ஜப்பானில் 1985-இல் புற்றுநோய்ச் சிகிச்சையில் துணைமருந்தாக அனுமதிக்கப்பட்டது. ஆனால் அது தூய்மைப்படுத்தப்பட்ட, மருத்துவர் செலுத்தும் ஊசிமருந்து. எலியில் கண்டதையும் ஊசிமருந்தையும் காட்டி, வீட்டுக் குப்பி மனிதருக்கு வந்த ஃப்ளூவைக் குணமாக்கும் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதும் தனிக் கேள்வி. அமெரிக்கச் சந்தையில் வாங்கிய 19 ரெய்ஷி தயாரிப்புகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மேலே ஒட்டிய சீட்டில் (லேபிளில்) சொன்னபடி இருந்தவை ஐந்து மட்டுமே. பல தயாரிப்பாளர்கள் காளானுக்குப் பதிலாகத் தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழையைத் தானியத்தோடு சேர்த்தே அரைத்துவிடுகிறார்கள். காளானில் மாவுச்சத்து மிகக் குறைவு என்பதால், பொடியை நீரில் கரைத்து அயோடின் சொட்டினால் ஓரளவு தெரிந்துவிடும். மாமனாரின் குப்பியைப் பிரித்து நான் செய்து பார்த்தபோது அது உடனே கருநீலமாக மாறியது; மாவுச்சத்து கலந்திருப்பதற்கு அதுவே அடையாளம்.

மாமனார் வாங்கியதன் சீட்டிலிருந்த 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) எண்ணைக் காட்டி, "அரசு அங்கீகரித்த மருந்து" என்று முகவர் சொல்லியிருந்தார். அது உணவுத் தொழிலுக்கான உரிமம். நோயைக் குணமாக்கும் என்பதற்கான சான்று அன்று. அதே சீட்டின் ஓரத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்று சிற்றெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நிறுவனத்திடம் முறையிட்டபோது, நாங்கள் அப்படி எங்கும் சொல்லவில்லை, அது முகவரின் சொந்தக் கருத்து என்று பதில் வந்தது. பணமும் திரும்பவில்லை.

2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளின்படி முகவர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். முன்கூட்டி ஒப்புதல் பெறாமல் வீட்டுக்கு வரக்கூடாது. நிறுவனத்துக்குக் குறைதீர்க்கும் அலுவலர் இருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் உணவுப் பாதுகாப்புத் துறையிலும் நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம். பொய் வாக்குறுதி சீட்டில் இல்லை, பேச்சில்தான் இருக்கிறது என்பதால், இப்படி ஒருவர் உங்களுக்கு அனுப்பிய குரல் பதிவுகளையும் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்; குப்பிகள் வந்த காலி டப்பாவையும் ரசீதையும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.