வீடு திருத்த மேசன் பிடிப்பது: மொத்த விலையா, சதுர விலையா?

மட்டக்களப்பில் வீடு திருத்த ஆள் பிடிக்க மூன்று வழி உண்டு: நாட்கூலி, பொருளை நாம் வாங்கிக் கொடுக்கும் கூலிக் கொந்தராத்து, பொருளோடு முழுக் கொந்தராத்து. மூன்றையும் சில வருடங்கள் கழித்து எடைபோட்டால், திருத்த வேலைக்குத் தோதானது நடுவில் உள்ளதுதான். முழுக் கொந்தராத்தில் மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் சீமெந்தில். அது பூச்சு காயும்போது தெரியாது, இரண்டு மாரி போனால் தெரியும்.

“மொத்தம் எவ்வளவு முடியும்?” என்று கேட்டால் வாயில் வந்த தொகைதான் வரும். கேட்பதற்கு முன் அளவு நாடாவைப் பிடித்து நாமே அளந்துவிட வேண்டும். சுவர்ப் பூச்சை எடுத்துக்கொள்வோம். 10 அடிக்கு 12 அடி அறை, சுவர் உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. ஒரு கதவும் (3×7) ஒரு ஜன்னலும் (4×4) கழித்தால் 403, அதாவது நான்கு சதுரம் (ஒரு சதுரம் 100 சதுர அடி). அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய தடிப்பில், 1:5 கலவையில் (ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மண்), ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ ஒரு 50 கிலோ பை சீமெந்தும் 6 கன அடி மண்ணும் போகும். ஆக நான்கு பை, கால் கியூப் மண் (ஒரு கியூப் 100 கன அடி). பழைய சுவர் கோணலாக இருந்தால் ஐந்து பை நியாயம். மேசன் எட்டுப் பை எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள். இரண்டரைப் பையில் முடித்துவிட்டார்கள் என்றால் சந்தோஷப்படாதீர்கள்: கலவை 1:8க்குப் போயிருக்கிறது, நகத்தால் சுரண்டினாலே மண் உதிரும்.

இனி இரண்டு மூன்று மேசன்மாரிடம் சதுரத்துக்கு என்ன கூலி என்று மட்டும் கேட்கலாம். கதவு ஜன்னல் இடைவெளி கழிக்கப்படுமா, ஓரம் பிடிப்பது தனியா, ஏறி நின்று பூசும் சாரம் யாருடையது, பழைய பூச்சைக் கொத்தி அள்ளுவது யார் பொறுப்பு? கடைசி நாள் சண்டை எல்லாம் இந்த நான்கில்தான் வரும். ஒரு கொப்பித் தாளில் எழுதி இரண்டு பேரும் ஒப்பமிட்டால் போதும்.

கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கடலோர வீடுகளில் உப்புக் காற்றில் கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து, வீமும் சிலாப்பும் வெடிக்கும். இந்த வேலையை மட்டும் சதுர விலைக்குக் கொடுக்கக்கூடாது. கொத்திப் பார்க்கும்வரை துரு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. நாட்கூலிதான் சரி. கம்பிக்குப் பின்பக்கமும் கொத்தி, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். நன்றாக மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். மேலால் பூசி மறைத்தால் அதே இடம் மறுபடி வெடிக்கும். கடல் மண் கலந்தாலும் இதே கதிதான், ஆற்று மண் என்று சொல்லி எழுதுங்கள்.

மண்ணை ‘லோட்’ கணக்கில் வாங்குவது தெரிந்தே ஏமாறுவது. உழவு மெசின் பெட்டி 10 அடி நீளம், 5 அடி அகலம் என்றால், மண் 2 அடி உயரம் நின்றால்தான் ஒரு கியூப். ஒன்றரை அடி என்றால் முக்கால்தான். கொட்டுவதற்கு முன் அளக்க வேண்டும்.

அட்வான்ஸ் ஒரு வாரக் கையாள் சம்பளத்துக்கு மேல் வேண்டாம், மீதி முடிந்த சதுரத்துக்கு மட்டும். குளியலறைக்கு மாபிள் பதிக்கும் முன் தண்ணீர் போகும் துவாரத்தை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு ஒழுகுகிறதா என்று 24 மணி நேரம் பாருங்கள். கூரை வேலைக் கூலியில் பத்தில் ஒரு பங்கை முதல் பெருமழை வரை நிறுத்தி வையுங்கள். இதை முன்கூட்டியே சொன்னால் நல்ல ஓடாவி (தச்சர்) முகம் சுளிக்கமாட்டார்.

ஆள் தேடும் காலமும் விலையை மாற்றும். வேளாண்மை வெட்டுக் காலத்தில் கையாட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். ஐப்பசி மழை தொடங்கியபின் கூரைக்கு ஆள் கேட்டால் சொன்னதுதான் கூலி. சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு பேசுங்கள்.