ஷூஃப்ளை பை: அடி ஈரமாக வேண்டுமா, உலர்ந்து வேண்டுமா?

போன குளிர்காலத்தில் மட்டும் ஏழெட்டு ஷூஃப்ளை பை வீட்டில் சுட்டிருப்பேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லாங்காஸ்டர் பக்கம் ஆமிஷ் (பழைய எளிய வாழ்க்கை முறையை விடாத கிறிஸ்தவச் சமூகம்) வீடுகளில் காலைக் காபியோடு சாப்பிடும் மொலாசஸ் பை இது; மொலாசஸ் என்பது சர்க்கரை காய்ச்சும்போது மிஞ்சும் கறுப்புப் பாகு. மைதா, பழுப்புச் சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் புட்டுக்குப் பிசறுவது போல விரலால் பிசறி மேலே தூவிவிடுவார்கள். அடி ஈரமாக இருப்பது ஒரு வகை, உலர்ந்திருப்பது இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டு ஈர அடியில் நின்றுவிட்டேன்.

பொருள்கள் ஏறக்குறைய ஒன்றுதான், செலவும் அதேதான். பிசறிய மாவில் பெரும்பகுதியை மொலாசஸ் கரைசலிலேயே கலந்துவிட்டால் உலர் வகை, கேக் மாதிரி உப்பி வரும். 1876இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் நூறாவது ஆண்டையொட்டி வந்த சென்டெனியல் கேக்தான் இதற்கு மூலம் என்பார்கள், சாப்பிட்டால் அது சரி என்றுதான் தோன்றுகிறது. ஈர வகைக்கு நான் ஒரு கப் மொலாசஸ், முக்கால் கப் கொதிநீர், ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு முட்டை சேர்க்கிறேன் (முட்டை கடைசியில், கரைசல் ஆறிய பிறகு). மொலாசஸில் இருக்கும் லேசான புளிப்பு பட்டதும் சோடா நுரைத்துப் பொங்கும், கடைசியில் முட்டையும் கலந்ததும் தாமதிக்காமல் மாவு ஓடு விரித்த 9 அங்குலத் தட்டில் ஊற்றி மேலே மாவைத் தூவிவிட வேண்டும். வெந்ததும் அடியில் பிசுபிசுவென்று ஒரு அடுக்கு, நடுவில் கேக், மேலே மொறுமொறு.

எனக்கு முடிவைச் சொன்னது மறுநாள் காலைதான். காலை உணவுக்கான பண்டம் என்பதால் முந்தின நாள் சுட்டு வைப்பதுதான் வசதி. உலர் வகை மறுநாள் வறண்டு, கையில் எடுத்தாலே உதிர்கிறது, காபியில் தோய்த்தால்தான் தொண்டையில் இறங்குகிறது. தோய்த்துச் சாப்பிடப் பிடிக்கும் என்பவர்களுக்கு அதுவே சரியான வகை. ஈர வகையில் அந்தப் பாகு அடுக்கு மேலே இருக்கும் கேக்கைக் காயவிடாது, இரண்டாம் நாள் முதல் நாளைவிட ருசியாகவே இருக்கிறது.

அதில் ஒரே தொல்லை, தட்டில் விரித்த மாவு ஓடு அடியில் வேகாமல் சொதசொதவென்று போய்விடும். கண்ணாடித் தட்டில் எனக்கு அப்படித்தான் இரண்டு முறை போயிற்று. அப்புறம் உலோகத் தட்டுக்கு மாறி, ஓவனின் கீழ்த்தட்டில் ஒரு இரும்பு டிரேயை முன்கூட்டியே சூடாக்கி அதன்மேல் வைத்தேன். 220 டிகிரியில் கால் மணி நேரம், பிறகு 175க்குக் குறைத்து இன்னொரு அரை மணி. அடி பொன்னிறமாக வந்தது.

அந்த மாவு ஓட்டை நான் வெண்ணெயில்தான் செய்திருக்கிறேன். பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பில் செய்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். பிளாக்ஸ்ட்ராப் என்ற மிக அடர்ந்த மொலாசஸ் மட்டும் வேண்டாம், கசக்கும். சுட்டவுடன் வெட்டவும் கூடாது, நாலு மணி நேரமாவது ஆறட்டும், இல்லாவிட்டால் அந்த அருமையான அடுக்கு அப்படியே தட்டில் ஓடிவிடும்.